காளைக் கன்றோடு பிறந்தவள்

கினிகத்தேனை
07.02.2024

அன்புள்ள ஜீவா அக்காவுக்கு,

நான்கு தடவை அழைத்தேன். நீங்கள் போனை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை மணிகூட அடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் உங்கள் படமும் காணாமல் போய்விட்டது. தபாலில் வரும் காகிதத்தை யாராலும் பிளாக் பண்ண முடியாது என்ற நப்பாசையில் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கப் போகிறேன். எந்த இடத்தில் தவறினேன் என்று எனக்கே தெரிய வேண்டும்.

கொட்டகலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் வந்திருந்தார்கள். உங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இடம் போதாமல் பக்கத்து வீடான எங்கள் காம்பராவின் பாயையும் கொண்டுவந்து விரித்தோம். தட்டு மாற்ற நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளையின் அத்தை ராக்காயி அம்மா ஆரம்பித்தார்.

"பொண்ணு பேசி முடிச்ச நாள்ல இருந்து எங்க கிடேரிக்குச் சினை நிக்க மாட்டேங்குது. மூணு ஊசி போட்டாச்சு. பொண்ணோட ராசி எப்படியோ, யாரு கண்டா?"

உங்கள் அம்மா சேலை முந்தானையைச் சுருட்டினார். நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். யாருக்கும் குனியாத தலை அது. எனக்குப் பொறுக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து சபையில் வாய் திறக்காத நான் மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டேன்.

"வீரய்யா மாமா, அந்தக் கிடேரி கூடக் காளைக் கன்னு ஏதும் பொறந்துச்சா?"

"ஆமா புள்ள, ரெட்டைக் கன்னு. காளைய அப்பவே வித்தாச்சு. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அப்படின்னா அது சினை புடிக்காது மாமா. வயித்துல இருக்கறப்பவே காளையோட ரத்தம் அதுக்குள்ள வந்திருக்கும். கர்ப்பப்பை சரியா வளந்திருக்காது. இதுல யாரோட ராசியும் இல்ல."

உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன் அக்கா. அந்தச் சந்தோஷம் ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. ராக்காயி அம்மா தேநீர்த் தட்டோடு நின்ற தனுஷன் அண்ணாவைப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே தெத்துப்பல்.

"இந்தத் தம்பி பொண்ணுக்கு அண்ணனா, தம்பியா?"

உங்கள் அம்மா எப்போதும் சொல்லும் அதே பெருமையோடு சொன்னார். "ரெட்டைங்க. இவன் பத்து நிமிசம் முந்தி."

அதற்குப் பிறகு காம்பராவில் கேட்ட ஒரே சொல், "அப்ப..." வெற்றிலைத் தட்டை வந்தபடியே எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போய்விட்டார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரிதான். ஆண் பிள்ளையோடு பிறந்தாலும் மனுசருக்கு அப்படி இல்லை. எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், இங்கே வகுப்பில் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் படியிறங்கும்வரை அது பிரியவே இல்லை.

என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

வாய் வராத லோஜினி


மேல் டிவிசன், ஹட்டன்
13.02.2024

லோஜினிக்கு,

திட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரு கடிதம் போதாது.

உன் கடிதத்தை, தேயிலை மலையில் எங்களை மேய்க்கும் கண்டாக்கு ஐயா காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும்போது எடுத்து, "ஜீவராணிக்கு லவ் லெட்டர் வந்திருக்கு" என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கொடுத்தார். அனுப்பியவர் பெயர் நீ என்று தெரிந்ததும் பின்னால் ஒருத்தி, "மாட்டு டாக்டரம்மா கிட்ட இருந்துடி" என்றாள். உனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது: காளைக் கன்னோட பொறந்தவ.

நேற்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் சுதர்ஷினி கேட்கிறாள், "ஏன்டி ஜீவா, ஒனக்குப் புல்லு கொண்டாரவா, புண்ணாக்கு கொண்டாரவா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகத்தைத் தூக்கி வைத்தால் இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார்கள்.

தனுஷனைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். முந்தா நாள் வாசலில் நின்றுகொண்டு, "நான் ஒன்னும் பண்ணலடி" என்றான். பத்து நிமிடம் முந்திப் பிறந்ததற்கு இருபத்தேழு வயதில் மன்னிப்புக் கேட்கிறான்.

அந்த ராக்காயி அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைப் படம் பிடித்து, எல்லாம் சரி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் தட்டு மாற்ற வருவார்களாம். அம்மா போகலாம் என்கிறார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இது சண்டைக்கு இல்லை. நான் பெரிய பிள்ளையானது பதினாறு வயதில். அதற்கு முன்னால் அம்மா எத்தனை கோயிலுக்கு நேர்ந்துகொண்டார் என்று உனக்குத் தெரியாது, நீ சின்னவள். இப்போதும் சில மாதம் தள்ளிப் போகும். அந்தக் கிடேரிக்கு ஆனது எனக்கும் ஆகியிருக்குமா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. ஆறுதல் எழுதாதே.

எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பு டீச்சர்.

ஜீவராணி


கினிகத்தேனை
17.02.2024

அன்புள்ள ஜீவா அக்காவுக்கு,

ஆறுதல் எழுதவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வயிற்றில் உண்டாகும் கரு முதல் ஆறு வாரம் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. இரண்டு பக்கமும் போகத் தயாராக இருக்கும். கர்ப்பப்பையாக வளர ஒரு சோடிக் குழாயும், ஆணுக்கு வேண்டியதாக வளர இன்னொரு சோடிக் குழாயும் எல்லாக் கருவிலும் உண்டு. உங்களிடமும் இருந்தது, தனுஷன் அண்ணாவிடமும் இருந்தது. அப்பாவிடமிருந்து வை குரோமோசோம் என்ற நிறமூர்த்தம் வந்திருந்தால், அதிலுள்ள ஒரே ஒரு பரம்பரை அலகு விழித்துக்கொள்ளும். அது விழித்தால் விதைப்பை உண்டாகும். அந்த விதைப்பையிலிருந்து ஊறும் ஒரு சுரப்பு, கர்ப்பப்பைக் குழாயைக் கரைத்துவிடும். அந்த நிறமூர்த்தம் வராத கருவில் யாரும் எதையும் கரைப்பதில்லை. கர்ப்பப்பை வளர்கிறது.

மாட்டின் வயிற்றில் இரட்டைக் கன்று தங்கினால் இரண்டின் நஞ்சுக்கொடியும் ஒட்டி, ரத்தக் குழாய்கள் ஒன்றாகிவிடும். இரண்டு காம்பராவுக்கும் மலையிலிருந்து வரும் ஒரே பீலிக் குழாயில் தண்ணீர் பிடிப்பதுபோல. காளையின் பக்கம் ஊறும் சுரப்பு கிடேரிக்கும் போகும். காளைக்குக் கரைக்க வந்தது கிடேரியினுடையதையும் கெடுத்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரிகளுக்கு இப்படி ஆகும்.

மனுசரில் ஆணும் பெண்ணுமான இரட்டை என்றால் இரண்டு முட்டை, இரண்டு நஞ்சுக்கொடி. ஆளுக்கொரு பீலி. இரண்டும் உரசிக்கொண்டு வளர்ந்தாலும் ரத்தம் கலப்பது மிக மிக அரிது. அப்படிக் கலந்தவர்களிலும் கிடேரிக்கு வந்த கதி பெண் பிள்ளைக்கு வருவதாக இல்லை. உலகத்தில் ஆண் பிள்ளையோடு பிறந்த பெண்கள் எத்தனை லட்சம் பேர். அவர்களெல்லாம் பிள்ளை பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்களுக்குத் தள்ளித் தள்ளியாவது வருகிறதே, கர்ப்பப்பை இல்லாமல் அது வராது. பதினாறு வயது கொஞ்சம் பிந்தியதுதான், ஆனால் அப்படி நிறையப் பேருக்கு ஆகிறது. பிள்ளை பிறக்குமா என்று எந்தப் பெண்ணுக்கும் யாராலும் சத்தியம் செய்ய முடியாது அக்கா. ஆனால் தனுஷன் அண்ணாவால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. அதற்கு நான் சத்தியம் செய்வேன். அவரைப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

ஒரு யோசனை. ஸ்கேன் என்பது பத்து நிமிட வேலை. வலிக்காது. எடுத்து அவர்கள் முகத்தில் நீட்டிவிட்டால் வாய் அடைந்துவிடும் அல்லவா?

லோஜினி


மேல் டிவிசன், ஹட்டன்
24.02.2024

லோஜினிக்கு,

முதலில் என்னைக் கிடேரி ஆக்கினாய். இப்போது கயிற்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகச் சொல்கிறாய்.

நீட்ட மாட்டேன். இன்றைக்கு வயிற்றைக் காட்டச் சொல்பவர்கள் நாளைக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். மாப்பிள்ளையை யாராவது படம் எடுத்து வரச் சொன்னார்களா? அவர் என்ன, உத்தரவாத அட்டையோடு வந்தவரா?

நீ எழுதிய பீலிக் கதை எனக்குப் புரிந்தது. மூன்று தடவை படித்தேன். தனுஷனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் கேட்டுவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான், என் கருவாட்டையும் சேர்த்து. அதற்கு உனக்கு நன்றி. அது மட்டும்தான் நன்றி.

ஆனால் எனக்குப் புரிந்து என்ன பயன்? அதைக் கொட்டகலையில் போய்ச் சொல். நீ ஊற்றிய எண்ணெய், நீயே துடை. காகிதத்தில் எல்லாருக்கும்தான் வாய் இருக்கும். மாசிக்குள் பதில் வராவிட்டால் வேறு இடம் பார்க்கப் போகிறார்கள் என்று கேள்வி.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் என்ன சமைப்பாள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுப்பாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த யோகேஸ்வரன் என் காலைப் பார்த்துவிட்டு, "அட்டை கடிச்ச எடத்துல சுண்ணாம்பு வச்சீங்களா?" என்று கேட்டார். இவ்வளவுதான் எங்கள் காதல் கதை. சிரிக்காதே.

அவரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்பதை மறக்கவில்லை. போன் பண்ணுகிறார். நான் எடுப்பதில்லை.

ஜீவராணி


கினிகத்தேனை
04.03.2024

அன்புள்ள ஜீவா அக்காவுக்கு,

நேற்றுக் கொட்டகலைக்குப் போய் வந்தேன்.

தனியாகப் போகவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அக்கா, ரஸீனா ராத்தாவும் வந்தார். சனிக்கிழமை காலை உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். என்ன மகள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

"நானும் கடையில நிக்கிற மஃறூப் நானாவும் ஒண்ணாப் பொறந்தவங்கதானே மகள்! அவரு முந்தி, நான் பிந்தி. இவ்வளவு நாளா இங்க சோறு திங்கிறீங்க, இது தெரியாதா?"

ஒரு வருடமாக அந்த அண்ணன் தங்கை இரண்டு முகங்களையும் தினமும் பார்க்கிறேன் அக்கா. எனக்குத் தோன்றவே இல்லை. ராத்தாவுக்கு மூன்று பிள்ளைகள்.

கடைசிப் பிள்ளை இஷ்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரே பஸ் ஏறினார். நான் வழியெல்லாம் சொல்லப்போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது.

வீரய்யா மாமா மாட்டுக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். ராக்காயி அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் "வணக்கம்" என்று சொல்லிவிட்டு நின்றேன். அதற்குமேல் வரவில்லை. ராத்தா தொடங்கினார்.

"நானும் ஆம்பளைப் புள்ளையோட பொறந்தவதான். மூணு பெத்திருக்கேன். கடைசி இது. கடிக்கும், கொஞ்சம் தள்ளி இருங்க."

ராக்காயி அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது ஒங்களுக்கு. எங்க பக்கம் எப்படியோ."

"நல்லா இருக்கே! பசுமாட்டுக்கு உள்ளது ஒங்க மருமகளுக்கு வரும், எனக்கு உள்ளது வராதாக்கும்?"

கொட்டகைக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். அது யோகேஸ்வரன் அண்ணா. ஞாயிறு என்பதால் நானுஓயாவுக்கு வேன் எடுத்துப் போகாமல் வீட்டில் இருந்தார். வீரய்யா மாமா மட்டும் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ சொல்லு புள்ள. மாட்டைப் பத்தி நீ சொன்னது சரியாப் போச்சு. சினை ஊசி போடுற பையன் புதுசு, அது ரெட்டைன்னு நாங்களும் அவன்கிட்டச் சொல்லல. பெரிய மாட்டு டாக்டரு வந்து பாத்துட்டு நீ சொன்னதையேதான் சொன்னாரு. அது சரியா இருந்ததாலதான் மத்ததையும் நம்பினோம்."

"மத்தத நான் சொல்லல மாமா," என்றேன். "சொல்லாம இருந்ததுதான் என்னோட தப்பு."

பிறகு சொன்னேன். ஆட்கள் முகத்தைப் பார்த்தால் நாக்கு சுருண்டுவிடும் என்று அந்தக் கிடேரியின் முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னேன். பீலியையும் சொன்னேன். நடுவில் அது திரும்பி என்னைப் பார்த்தது. அதற்கே குரல் நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை.

முடித்ததும் ராக்காயி அம்மா கேட்டார். "எல்லாஞ் சரி. ஒரு ஸ்கேன எடுத்துட்டா நிம்மதிதானே? அதுல என்ன கொறஞ்சு போகுது?"

அந்த யோசனையை நானே உங்களுக்கு எழுதியவள். காது சுட்டது. நீங்கள் திட்டியதை அப்படியே திருப்பிச் சொன்னேன், கொஞ்சம் மரியாதை சேர்த்து.

"அப்ப மாப்பிள்ளைக்கும் சேத்துச் சோதிப்போம் அத்தை. புள்ளை பொறக்க ரெண்டு பேரு வேணும். அது ஆணா பொண்ணான்னு முடிவாகுறதே மாப்பிள்ளை பக்கத்துச் சங்கதிதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. ராத்தா என் முதுகில் கை வைத்துக்கொண்டார். யோகேஸ்வரன் அண்ணா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஸ்கேன் பேச்ச விட்டுருங்க அத்தை. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்," என்றார். ராக்காயி அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கட்டிக்கப் போறவன் நீ. எனக்கென்ன வந்துச்சு," என்று கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். கோபம்தான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் தேநீர் அவர்தான் போட்டு அனுப்பினார். சீனி அதிகம்.

புறப்படும்போது யோகேஸ்வரன் அண்ணா பஸ் தரிப்பிடம்வரை கூட வந்தார்.

"அவங்க போன எடுக்க மாட்டேங்கிறாங்க. ரொம்பக் கோவமா?"

"ரொம்ப," என்றேன்.

"இருக்கும்," என்றார்.

இனி உங்கள் விருப்பம் அக்கா. வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் நான் உங்கள் பக்கம்தான்.

லோஜினி


மேல் டிவிசன், ஹட்டன்
20.03.2024

லோஜிக்கு,

பதில் பிந்திவிட்டது. கோபம் இல்லை. எழுத வேண்டியது கூடிக்கொண்டே போனது.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே அந்த ஆள் வந்துவிட்டார். மழை பெய்து பாதை சறுக்கியதால் வேனை ரோட்டில் விட்டுவிட்டு முழங்கால்வரை சேற்றோடு ஏறி வந்தார். அம்மா பதறிப் போய் நாற்காலியைத் துடைத்தார். அவர் உட்காராமல் என்னிடம் நேராகச் சொன்னார்.

"அன்னிக்கு எனக்கும் வாய் வரல. தப்பு என்னுதுதான். ஸ்கேனும் வேணாம், டாக்டர் துண்டும் வேணாம். ஒங்களுக்கு விருப்பமான்னு மட்டும் சொல்லுங்க."

"புள்ளை பொறக்கலைன்னா?" என்று கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உடனே பதில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"பொறக்கலைன்னா ரெண்டு பேரு இருப்போம்," என்றார்.

"சரி," என்றேன். தனுஷன் உள்ளேயிருந்து, "அப்ப டீ போடவா?" என்று கத்தினான். வரும் ஞாயிறு தட்டு மாற்றுகிறார்கள். சித்திரையில் கல்யாணம். கிடேரியை விற்கவில்லையாம். வீரய்யா மாமா, "சாணி போடுது, அது போதும்" என்கிறாராம். கேட்டதும் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போய்விட்டது. அத்தைக்காரி மட்டும் இன்னும் முறைப்பு. அதை நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். நீ அவரையே எதிர்த்துப் பேசினாய் என்று கேட்டபோது லயத்து வீடுகளில் ஒருத்தரும் நம்பவில்லை. நான்தான் நம்பினேன்.

இனி எழுதப்போவதை யாருக்கும் சொல்லாதே. ரஸீனா ராத்தாவுக்கும் கூட.

போன சனிக்கிழமை அரை நாள் வேலைக்கு அரைப் பேர் போட்டுவிட்டு, பல் வலி என்று அம்மாவிடம் சொல்லி, ஹட்டன் டவுனுக்குப் போனேன். தனியாகப் போய் ஸ்கேன் எடுத்தேன். அவர்கள் கேட்டபோது முடியாது என்றவள்தான். அது அவர்களுக்காக. இது எனக்காக. நீ எழுதியதை நம்பினேன் லோஜி. ஆனாலும் பதினாறு வயதுவரை அம்மா என்னை ஒவ்வொரு மாதமும் ஒரு மாதிரிப் பார்த்த பார்வை உள்ளே கிடந்தது. அது உன் கடிதத்தில் போகவில்லை.

டாக்டரம்மா சிங்களவர். குளிர்ந்த ஒன்றை வயிற்றில் தடவி, பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். எனக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரிந்தது. "ஒக்கொம ஹொந்தய், நங்கி," என்றார். எல்லாம் நன்றாக இருக்கிறது, தங்கச்சி. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சிரித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். மாதம் தள்ளிப் போவதற்குக் காரணம் உடம்பில் இரத்தம் குறைவாம், மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்தப் படத்தை வீட்டில் காட்டவில்லை. அவருக்கும் காட்டப் போவதில்லை. அவர் கேட்காமல் வந்தவர், கேட்காமலே இருக்கட்டும்.

வெளியே வந்ததும் பசி. எங்கிருந்து வந்ததோ, அப்படி ஒரு பசி. பஸ் ஸ்டாண்ட் கடையில் உட்கார்ந்து நாலு உளுந்து வடையும் பால் இல்லாத ஒரு பிளேன்டியும் வாங்கினேன். பிறந்த நாளிலிருந்து எதையும் தனுஷனோடு பாதி பாதியாகத்தான் தின்றிருக்கிறேன். அன்றைக்கு நாலையும் நானே தின்றேன்.

ஜீவா